கணக்குப் பொறியும் கட்டடப் பொறியியலாளரும்

அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்திலே, நீருக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனையொன்றின்மீது, காற்றுண்ட பாய்களைப் போன்ற வெண்ணிறக் கூரைகளோடு ஓர் இசைநாடக அரங்கு நிற்கின்றது. அதன் படத்தையேனும் காணாதார் இன்று சிலரே. 1957ஆம் ஆண்டிலே முதற்பரிசு பெற்ற அதன் வரைபடத்தை ஆக்கியவர் யோர்ன் உற்சன் என்னும் தென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர். அவர் அப்பாய்களைக் கையோட்டமாகவே வரைந்தார். எந்த வளைவு எந்தச் சமன்பாட்டுக்கு உட்பட்டது என அவ்வரைபடம் கூறவில்லை. அவற்றை விழாது நிறுத்தும் பொறுப்பு, இலண்டனிலே ஓவ் ஆரப் என்பவர் 1946இல் நிறுவிய பொறியியல் நிறுவனத்தைச் சார்ந்தது. அந்நிறுவனத்தினுள் கணனி புகுந்த கதையும், வளர்ந்த கதையும், ஒருமுறை அது வாய்திறவாது நின்ற கதையுமே நேயர்கள் இப்பொழுது கேட்கவிருப்பவை.

ஆரப் முதலிலே மெய்யியல் கற்றுப் பின்னர் பொறியியலுக்கு வந்தவர். அவர் தொழில் தொடங்கிய காலத்திற் பொறியியலாளரின் படைக்கலங்கள் வரைபலகை, மடக்கை வாய்பாடு, ஒன்றன்மீதொன்று நகரும் கணக்குச் சட்டம் ஆகியவையே. கட்டடச் சட்டகமொன்றின் மூட்டு ஒவ்வொன்றும் மூன்று திசைகளில் அசையலாம். மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பவும் கூடும். எனவே மூட்டொன்றுக்கு அறியவேண்டிய கணியங்கள் ஆறு. 100 மூட்டுகள் உளவெனில், 600 சமன்பாடுகளை ஒருங்கே தீர்த்தல் வேண்டும். இதனைக் கையாற் செய்து முடிப்பது எளிதன்று. ஹார்டி குரொஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1930இல் வெளியிட்ட முறை, விடையைப் படிப்படியாக அணுகும் வழியொன்றைக் காட்டிற்று. தூணும் உத்தரமுமாய் நிற்கும் சாதாரண மாடிக் கட்டடங்களுக்கு அது போதியதாயிருந்தது. சிட்னியின் பாய்களுக்கோ அது போதவில்லை.

ஆரப்பின் பொறியியலாளர் பெகசஸ் என்னும் கணனியை நாடினர். அறையொன்றை அடைத்து நின்ற அவ்வியந்திரம் வால்வுகளால் இயங்கியது; துளையிட்ட கடதாசி நாடாவின் மூலமே அதற்குக் கணக்குச் சொல்லப்பட்டது. ஆயினும் வளைவு இன்னதென்று வரையறுத்துக் கூறினாலன்றி அதனால் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. பரவளைவு முயன்று பார்க்கப்பட்டது. நீள்வளையம் முயன்று பார்க்கப்பட்டது. வடிவம் மாறுந்தோறும் முன்னைய கணக்குகள் பயனற்றுப்போயின. 1961இலே, கூரைகள் யாவும் 246 அடி ஆரையுடைய ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாகலாம் என்ற முடிபு பிறந்தது. அதன்பின் ஒரே அச்சிலே பல கொங்கிறீற்று விலாக்களை வார்க்க முடிந்தது. ஒவ்வொரு துண்டும் வானத்திலே எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதையும் கணனி கணித்துக் கொடுத்தது. தோடம்பழச் சுளை உரிப்பவர்க்கும் விளங்கக்கூடிய அந்த எளிய எண்ணம் மனிதர் மனத்தில் உதித்த பின்னரே இயந்திரம் தன் திறமையைக் காட்டலாயிற்று. அரங்கு 1973 ஒக்டோபர் 20ஆம் நாள் திறக்கப்பெற்றது.

அதன் பின்னர் வளர்ச்சி விரைவானது. நிறுவனம் தன் தேவைக்கென எழுதிய நிரல்களை ஒயாசிஸ் என்ற பெயரில் ஏனைய நிறுவனங்களுக்கும் விற்கலாயிற்று. அறையை அடைத்திருந்த கணனி மேசைக்கு வந்தது; எண்களாய் வெளிவந்த விடை படமாகத் தோன்றிற்று. படம் அழகாயிருப்பின் விடையும் சரியாயிருக்குமென்று நம்பும் மயக்கமும் அதனோடு கூடவே வந்ததெனலாம். 2008இற் பீக்கிங்கு ஒலிம்பிக்கிற்காக எழுந்த நீச்சல் மண்டபம் சவர்க்கார நுரையின் அமைப்பை ஒத்தது. அதிலுள்ள ஏறத்தாழ 22,000 உருக்குச் சட்டங்களுள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடிப்பு வேண்டும் என்பதை, ஆரப் பொறியியலாளர் எழுதிய நிரலொன்று மீண்டும் மீண்டும் சோதித்துத் தெரிவு செய்தது.

இந்நிலையை எய்துமுன் இடைவழியில் நேர்ந்த ஒன்றைச் சொல்லாதுவிடின் கதை அரைகுறையாகும்.

2000 யூன் 10ஆம் நாள், இலண்டனிலே தேம்ஸ் நதியின் குறுக்கே நடைபாலமொன்று திறக்கப்பட்டது. அதன் பொறியியலும் ஆரப் நிறுவனத்தினுடையதே. பெருந்திரளான மக்கள் பாலத்தில் ஏறவே, அது இடமும் வலமுமாக அசையத் தொடங்கிற்று. நடுப்பகுதி ஏறக்குறைய 70 மில்லிமீற்றர்வரை ஆடியது. நடந்தோர் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டனர். இரண்டே நாளிற் பாலம் மூடப்பட்டது. கணனி கணக்கிற் பிழைவிட்டதோ? இல்லை. நடப்போர் கால்கள் கீழ்நோக்கித் தரும் உதைப்பையே விதிநூல்கள் முதன்மையாகக் கருதின. பக்கவாட்டில் அக்கால்கள் தரும் சிறு தள்ளலை எவரும் கணனியிடம் தக்கவாறு வினவவில்லை. தளம் சிறிது அசைந்ததும், மக்கள் விழாதிருக்கக் கால்களை அகட்டி, அறியாமலே அவ்வசைவின் தாளத்துக்கு நடந்தனர். அந்நடையே அசைவை மேலும் பெருக்கிற்று. இத்தகைய அசைவை யப்பானிய ஆய்வொன்று 1993இலேயே விவரித்திருந்தது. நிலநடுக்கப் பொறியியல் இதழொன்றிற் கிடந்த அக்கட்டுரை பாலங் கட்டுவோர் மேசைக்கு வந்து சேரவில்லை.

அவமானத்தை மூடி மறைக்கும் எண்ணம் அங்கே எழவில்லை என்பது பாராட்டத்தக்கது. சவுதாம்ரன் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் அசையும் தளங்களில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தனர். சிட்னிக் கூரையின் மாதிரியும் ஒருகாலத்திற் சோதிக்கப்பட்டது அதே சவுதாம்ரனில்தான். பின்னர் நிறுவனத்தின் ஊழியரே பாலத்தின்மேல் நடந்து காட்டினர். நடப்போர் தொகை ஓர் எல்லைக்குட்பட்டிருக்கும்வரை பாலம் அமைதியாயிருக்கும். எல்லையைத் தாண்டியதும் அசைவு சடுதியாக ஓங்கும் என்பது தெளிவாயிற்று. கண்டதனைத்தையும் கணக்கோடு வெளியிட்டனர். இன்று நடைபாலங்களுக்கான விதிநூல்களிலும் நிரல்களிலும் அப்பக்கவிசைக்கு இடமுண்டு.

மோட்டார் வண்டியின் அதிர்ச்சிதாங்கிகளைப் போன்ற 37 தணிப்பான்களும், வேறு பல எடைத் தணிப்பான்களும் பாலத்திற் பொருத்தப்பட்டன. 2002 சனவரியில் 2,000 பேர் ஒன்றாக அதன்மேல் நடந்தனர். தளம் அசையவில்லை. அடுத்த மாதம் 22ஆம் நாள் பாலம் மக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது.