ஆளுக்கு 5 டாலர்



குறுநாடகம் எழுதுகிறவர்களே செலவைப் பங்கிட்டுக்கொண்டு மேடையேற்றலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், “எழுதுவதும் நான், கைக்காசு போடுவதும் நானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவின் ஒரு மீன்பிடி ஊர் வரை போய்வர வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காட் முனையில் பிராவின்ஸ்டவுன் என்று ஓர் ஊர். நியூயார்க் எழுத்தாளர்கள் கோடைக்கு வந்து தங்கும் இடம். ஜார்ஜ் கிராம் குக்கும் அவர் மனைவி சூசன் கிளாஸ்பெல்லும் சேர்ந்து ஓர் ஓரங்க நாடகம் எழுதியிருந்தார்கள். அப்போது படித்தவர்களைப் பிடித்து ஆட்டிய உளப்பகுப்பாய்வு மோகத்தைக் கேலி செய்த நாடகம். நியூயார்க்கில் ஒரு குழு அதை வேண்டாம் என்றது. 1915 கோடையில் நண்பர் வீட்டிலேயே போட்டுவிட்டார்கள். முதலில் நீத் பாய்ஸ் எழுதிய நாடகம். நடிகர்கள் வராந்தாவில், அவர்களுக்குப் பின்னால் கடல், பார்க்கிறவர்கள் கூடத்தில். அது முடிந்ததும் எல்லோரும் வராந்தாவுக்குப் போக, கூடமே மேடையாயிற்று. இரண்டு நாடகம், இரண்டு அரங்கு. வாடகை கிடையாது.

அடுத்தது படகுத்துறையில் கிடந்த பழைய மீன் கொட்டகை. அதை அரங்காக மாற்றச் சுமார் 30 பேர் ஆளுக்கு 5 டாலர் போட்டார்கள். சின்னஞ்சிறு மேடை. பின்கதவைத் திறந்தால் கடல். 1916 ஜூலையில் அங்கேதான் யூஜின் ஓ'நீலின் நாடகம் முதன்முதலாக மேடை கண்டது. கப்பலில், மூடுபனிக்கு நடுவே, ஒரு மாலுமி செத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு ஊரிலும் மூடுபனி. பலகைக்கு அடியில் அலை அடிக்கிறது. ஒரு சிறு வேடத்தில் ஓ'நீலே நின்றார். 20 ஆண்டு கழித்து, 1936இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை ஒரு நாடகம்கூட மேடையேறாதவருக்கு அந்தக் கொட்டகையில் இடம் கொடுத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சூசன் கிளாஸ்பெல் கதை இதைவிட முக்கியம். அடுத்த நாடகம் உன்னுடையது, அறிவித்தாயிற்று என்றார் கணவர். கையில் நாடகமே இல்லை. அந்த அம்மையார் போய்க் காலி மேடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்ததில் மேடை ஒரு சமையலறை ஆயிற்று. பத்திரிகை நிருபராக அயோவாவில் அவர் எழுதிய ஒரு கொலை வழக்கு அந்தச் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது. அதுதான் ‘டிரைஃபில்ஸ்’. ஆண்கள் தடயம் தேடி வீடெல்லாம் அலைகிறார்கள். இரண்டு பெண்கள் பாதியில் நின்ற தையலையும் செத்துப்போன ஒரு குருவியையும் வைத்து நடந்ததைப் புரிந்துகொள்கிறார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் நடிக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டு மேடைக்குக் காத்திருக்கிறோம் நாம். அங்கே மேடை காத்திருந்தது, நாடகம் வந்தது.

அதே 1916 செப்டம்பரில் கூடிக் குழுவுக்கு விதி எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் ஜான் ரீட். ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ எழுதிய அதே ரீட்தான். நாடகம் வசூல் ஆகுமா என்று பார்க்கக் கூடாது. எழுதியவர் தம் நாடகத்தைத் தாம் நினைத்தபடி மேடையேற்ற வேண்டும், யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. ஓ'நீல் சொன்ன பெயரையே அரங்குக்கு வைத்தார்கள்: நாடகாசிரியர் அரங்கு. நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில் இந்த விதியில் இருக்கிறது. பணம் போடுகிற புரவலர் இந்த விதியை எழுத மாட்டார். “கடைசிக் காட்சி சோகமாக இருக்கிறதே, மாற்றிவிடுங்களேன்” என்பார். அவர் நல்லவராகவே இருப்பார், ஆனாலும் சொல்வார். நாம் போடும் பணம் அந்தக் கடைசிக் காட்சிக்கு.

இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். 1920இல் ஓ'நீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்துக்காக மேடைக்குப் பின்னால் காரைபூசிய குவிமாடம் ஒன்றைக் கட்டினார் குக். கையிருப்பில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. நாடகம் பெருவெற்றி, பிராட்வேக்குப் போயிற்று. அதன் பிறகு பலருக்கும் சிறிய மேடையில் மனம் தரிக்கவில்லை. 1922இல் குக் கிரேக்க நாட்டுக்குப் போய்விட்டார், குழு நின்றது. நஷ்டத்தைத் தாங்கிய குழுவால் வெற்றியைத் தாங்க முடியவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு மாலை, நான்கு குறுநாடகம், நான்கு எழுத்தாளர். ஹால் வாடகை, லைட், மைக், ஒத்திகை நாட்களில் நடிகர்களுக்கு டீ, டிபன், போக்குவரத்து, நோட்டீஸ் எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுப்போம். வசதியுள்ளவர் கூடுதலாகத் தர வந்தாலும் வாங்கக் கூடாது. கூடப் போட்டவர் நாடகம் கடைசியில், நல்ல நேரத்தில் வைக்கப்படும் என்ற பேச்சு எழும். முடியாதவர் தவணையில் தரட்டும். அடுத்தவர் நாடகத்துக்கு நாம் திரை இழுக்க வேண்டும், நாற்காலி போட வேண்டும். கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். ஒருவர் நாடகம் எடுபடாமல் போனால் அடுத்த முறையும் அவருக்கு இடம் உண்டு. இதை முதலிலேயே எழுதி வைப்போம்.

செயலாளரிடம் நோட்டு இருக்கிறது. என் பங்கை இப்போதே கொடுத்துவிட்டு இறங்குகிறேன். இன்னும் மூன்று பேர் வேண்டும்.