மூளையைத் தாக்கிய நிப்பா: பல நாடுகள் சேர்ந்து பிடித்த கிருமி



குளுவாங் பட்டணத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மலாய் மொழியில் 'கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால். மூளை நலத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வௌவாலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் இந்த நாட்டில் 105 பேரைப் பலிகொண்ட மூளைக் காய்ச்சலின் கிருமியைச் சுமந்திருந்தவை இந்தப் பழந்தின்னி வௌவால்கள்தாம்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், பிறகு நினைவு தப்பியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகக்கூடியது. ஆகவே அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஊரெங்கும் கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை.

கணக்கு எங்கேயோ உதைத்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கேயோ விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். சீனப் பண்ணைக்காரர்களும், அவர்களிடம் கூலி வேலை பார்த்த நம் இந்தியத் தொழிலாளர்களும் அதில் உண்டு. தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே வெகுதூரம் கேட்கும்படி குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் பன்றி அப்படி இருமாது. பண்ணைக்காரன் கண்ணெதிரே கண்டது, மேசையில் எழுதப்பட்ட முடிவோடு ஒட்டவே இல்லை. அந்த முரண்பாட்டுக்குக் காது கொடுக்கப் பல மாதங்கள் பிடித்தன என்பதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி.

இதற்கிடையே பண்ணைக்குப் பண்ணை பன்றிகள் விற்கப்பட்டன. நோயும் கூடவே பயணம் செய்து நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும், 1999 மார்ச்சில், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார்.

திருப்பம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. டாக்டர் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியின் முதுகுத்தண்டு நீரை உயிரணுக்களில் விட்டு வளர்த்துப் பார்த்தார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய திட்டுகளாகச் சிதைந்தன. இது வேறு ஏதோ என்று அவருக்குப் பட்டது. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே பறந்தார். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் இருந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிருமியின் உருவம் தெரிந்தது. அது ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமியே அல்ல. தட்டம்மைக் கிருமி சேர்ந்த அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது!

அட்லாண்டாவில் இருக்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அடுத்த முடிச்சை அவிழ்த்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றைப் பழக்கியவரையும் கொன்ற 'ஹெண்ட்ரா' கிருமிக்கு இது நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஹெண்ட்ராவுக்காக உருவாக்கி வைத்திருந்த சோதனைப் பொருள்கள் உடனே கைகொடுத்தன. யாரோ ஒரு நாட்டில் குதிரைக்கு வந்த நோயை அக்கறையோடு ஆராய்ந்து வைத்திருந்ததால், ஐந்து வருடம் கழித்து நம் நாட்டுத் தொழிலாளியின் நோய்க்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயர்தான் நிப்பா.

கொசு அல்ல, பன்றியே என்று தெரிந்ததும் நடவடிக்கை மாறியது. இராணுவம் இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதோடு போனது. ஆனால் நோய் நின்றது. மொத்தம் 265 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

மூளைக்குள் இந்தக் கிருமி செய்யும் கெடுதலும் அப்போதுதான் விளங்கியது. அது சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டு, மூளையின் துளித்துளிப் பகுதிகள் பட்டுப்போகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் அவை சிறு புள்ளிகளாய்த் தெரியும். பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூட நோய் திரும்பியது. மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போனதோடு அவர்களின் கதை முடிந்துவிடவில்லை.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடியவர்கள் நம் மெர்சிங் துறையிலிருந்து படகேறினால் போய்ச் சேரும் தியோமான் தீவுக்குப் போனார்கள். வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்பை விரித்துச் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை, விரிப்பும் பொறுமையும்தான். அந்தச் சிறுநீரிலும் வௌவால் கடித்துப்போட்ட பழத்திலும் நிப்பா கிருமி கிடைத்தது. 2002-இல் அந்த முடிவு வெளியானது. பண்ணைகளில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே பழமரங்கள் நின்றதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2018-இல் தமிழ்நாட்டின் பக்கத்து மாநிலமான கேரளாவில், கோழிக்கோட்டில் நிப்பா தலைகாட்டியது. அங்கே பன்றி இடையில் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது. மணிப்பால், புனே ஆய்வுக்கூடங்கள் விரைவிலேயே கிருமியை அடையாளம் கண்டன. ஈப்போவில் மாதக்கணக்கில் பிடித்த வேலை அது. ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்ப்புப் புரத மருந்தும் வரவழைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் நிப்பா தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. காய்ச்சலோடு புத்தி தடுமாறும் ஒருவரை ஜொகூரில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும், அவர் என்ன வேலை செய்கிறார், எந்த விலங்கோடு பழகினார் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே உறவினர் சொல்லிவிடுவது நல்லது.