கேமரா நிறுவனங்களின் போட்டி: நாம் வாங்கும்போது யோசிக்க வேண்டியவை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்கனூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுக்கப் போகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பலர் தவணையில் கேமரா வாங்குகிறார்கள். சிலர் வீட்டு நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள். "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், அந்த கம்பெனிகள் தங்களுக்குள் எப்படிப் போட்டி போடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கண்டுபிடித்தவரே ஜெயிப்பார் என்று நினைக்கிறோம். கேமரா தொழிலில் அப்படி நடக்கவில்லை. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கினார். அதில் 10,000 புள்ளிகள்தான். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. ஆனால் கோடாக்கின் வருமானம் ஃபிலிம் விற்பனையில் இருந்தது. சொந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. ஊட்டியில் 1960இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. முதலில் கலர் ஃபிலிம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. ஆலை நலிந்து மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்கள்தான் அதிகம் பட்டன. அதே ஃபிலிம் தொழிலில் இருந்த ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிம் மட்டும், தனக்குத் தெரிந்த ரசாயன வித்தையை டிவி திரைக்கான தகடு, மருத்துவக் கருவி, அழகுப் பொருள் என்று திருப்பிவிட்டுப் பிழைத்துக்கொண்டது.

போட்டியால் நமக்கு வந்த லாபமும் உண்டு. 1999இல் நிக்கானின் டி1 கேமரா 5,000 டாலருக்கு மேல். 2003இல் கேனன் தன் 300டி மாடலை ஆயிரம் டாலருக்குக் கீழே இறக்கியது. அடுத்த ஆண்டே நிக்கான் டி70-ஐக் கொண்டுவந்தது. 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோவுடன் வந்தது. இப்படிப்பட்ட ஸ்டில் கேமராவைக் கொண்டு 'வழக்கு எண் 18/9' போன்ற தமிழ்ப் படங்களே ஒளிப்பதிவு செய்யப்பட்டன.

அதே 2008இல் பானசோனிக், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையைக் கொண்டுவந்தது. 2013இல் சோனி அதில் ஃபுல் ஃபிரேம் கேமரா கொடுத்தது. கேனனும் நிக்கானும் தங்கள் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸோடு களத்தில் இறங்க 2018 ஆனது. கோடாக் செய்த அதே தயக்கம்தான். ஆனால் பிழைக்கிற நேரத்துக்குள் விழித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே செல்போன் வந்து எல்லோரையும் அடித்தது. 2010இல் உலகம் முழுக்க சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் அது 80 லட்சத்துக்கும் குறைவு. வாங்குவோர் குறைந்ததால், நிறுவனங்கள் விலை உயர்ந்த மாடல்களையே அதிகம் நம்புகின்றன. "இது பழசு, புதுசு வாங்குங்கள்" என்ற விளம்பரம் ஓயாததற்குக் காரணம் இதுதான்.

தம்பிகளே, பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, லென்ஸ். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. நிறுவனங்கள் நம்மைக் கட்டிப்போடும் கயிறு அதுதான். பாடி சில வருடத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் நெடுநாள் உழைக்கும். ஆகவே முதலில் லென்ஸ் விலையைக் கேளுங்கள், பிறகு பாடி.

இரண்டு, மெகாபிக்சல் மயக்கம். 12க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 3,600ஐ 5,400ஆல் பெருக்குங்கள். இரண்டு கோடிப் புள்ளிகூட வராது. 24 மெகாபிக்சல் தாராளம்.

மூன்று, சர்வீஸ். புதுச்சேரியிலோ சென்னையிலோ பழுது பார்க்க ஆள் இருக்கிறதா, உதிரி பாகம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

மிரர்லெஸ் மோகத்தால் டிஎஸ்எல்ஆர் பாடிகள் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கின்றன. தொழில் பழக அவை போதும். விலை கூடிய லென்ஸை மூன்று பேர் சேர்ந்து வாங்கி முகூர்த்தம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒரே முகூர்த்தத்தில் மூவருக்கும் வேலை வந்தால், மற்ற இருவர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேமரா கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே நகையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். மாதம் எத்தனை நிகழ்ச்சி உறுதி, தவணை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு ஒத்துவந்தால் துணை நில்லுங்கள். கம்பெனிகள் அவர்கள் போட்டியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் போட்டியின் செலவு நம் பிள்ளைகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.