எண்ணுகிற கை யாருடையது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மக்கள் போட்ட ஓட்டில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் பண்ணையாரை விடுதலை செய்ததும் ஐகோர்ட்டுதான். அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தேர்தல் முடிவில் கோர்ட்டு தலையிடத்தான் வேண்டும். மக்கள் தீர்ப்பை மாற்றுவதற்காக அல்ல. மாற்றியவனிடமிருந்து அதை மீட்பதற்காக.

1952இல் வடக்கு பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் தோற்றார். வித்தியாசம் 14,561 ஓட்டு. செல்லாமல் போனவை 74,333. அசோக் மேத்தாவோடு சேர்ந்து, முடிவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார். பலிக்கவில்லை. ஆனால் சட்டத்தை வகுத்தவரே முறையிட்ட வழி அது. அந்த வழியில் போக நமக்கென்ன கூச்சம்?

அதே 1952இல் நம்ம நாமக்கல்லிலிருந்து ஒரு வழக்கு டெல்லிக்குப் போனது. வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று பொன்னுசாமி போட்டது. தேர்தல் நடக்கும்போது நாங்கள் குறுக்கே வரமாட்டோம், முடிந்தபின் தேர்தல் மனு போடு என்றது சுப்ரீம் கோர்ட்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்றைக்கும் இதுதான் விதி. முடிவு வந்த 45 நாளுக்குள் ஐகோர்ட்டில் மனு. ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

நடப்பது என்ன? 2016இல் ராதாபுரம். 49 ஓட்டில் முடிவு. மறுபடி எண்ணு என்று ஐகோர்ட்டு சொன்னது 2019 அக்டோபரில். எண்ணினார்கள். முடிவை வெளியிடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2021இல் பதவிக்காலமே முடிஞ்சுபோச்சு. யார் ஜெயிச்சதா இருந்தா என்ன, அஞ்சு வருஷம் அனுபவிச்சவன் அனுபவிச்சுட்டான்.

இப்போது சண்டிகரைப் பாருங்கள். 2024 ஜனவரி 30, மேயர் தேர்தல். அந்த வருஷம் அது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பதவி. குல்தீப் குமாருக்கு விழுந்த 8 சீட்டுகளில் தேர்தல் அதிகாரியே பேனாவால் கிறுக்கி, செல்லாது என்றார். 12க்கு 16 என்று தோற்கடித்தார். காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 20இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த 8 ஓட்டும் செல்லும் என்றது. மறுதேர்தல் வைக்கவில்லை, களவுபோனதை மட்டும் திருப்பிக் கொடுத்தது. 21 நாள்!

மாநகராட்சித் தேர்தலுக்குச் சட்டத்தில் வழி வேறு என்பார்கள். இருக்கட்டும். மனமிருந்தால் 21 நாளில் முடியும் என்று தெரிந்துவிட்டதே! ஆகவே நம் கோரிக்கை, கோர்ட்டே விலகு என்பதல்ல. சட்டம் சொன்ன ஆறு மாதத்தில் முடி என்பது.

நம் பங்கும் இருக்கிறது. ஒரு சட்டமன்றத் தேர்தலில் எங்க சேரி பூத்தில் நான் ஏஜெண்டு. பதிவான ஓட்டுக்கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை அவர்கள் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பசி, வீட்டுக்கு வந்துவிட்டேன். எண்ணும்போது கணக்கு இடித்தது. வக்கீலிடம் ஓடினோம். "உங்க கையில என்ன இருக்கு?" என்றார். ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அடுத்தமுறை பூத்தில் உட்காரப்போகிற தம்பி, தங்கச்சிகளே! கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கோர்ட்டில் நமக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.