குஞ்சிதபாதம்



போடி பரமசிவன் மலைக்கோயிலின் சித்திரைத் திருவிழாவில் கூடியிருக்கும் நாம், தில்லைக் கூத்தனின் திருவடியைச் சிந்திப்போம். ஊன்றிய திருவடி நிலைத்து நிற்கிறது. தூக்கிய திருவடியோ வளைந்திருக்கிறது. குஞ்சிதபாதம் என்பதற்கு வளைந்த பாதம் என்றே பொருள். உயிர்களுக்குப் புகலிடம் அந்த வளைந்த திருவடியே. அக்கூத்தைக் காணும் பேறு பெற்றவர் யாவர்? புலிக்கால் கொண்ட வியாக்கிரபாதரும், இடைக்குக் கீழ்ப் பாம்புடல் கொண்ட பதஞ்சலியாரும் அன்றோ! மனிதக்கால் இல்லாத இருவரையே இறைவன் தன் இருமருங்கும் நிறுத்திக்கொண்டான்.

ஆனால் நம் தெருவில் ஒரு குழந்தை பாதம் உட்புறம் வளைந்து பிறந்தால் நாம் என்ன பேசுகிறோம்? கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்கிறோம், முன்வினை என்கிறோம். பச்சிளங்குழந்தையை மடியில் வைத்துக் கலங்கும் தாயின் காதில் அது வேலாகப் பாய்கிறது. வினைக்கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் உயிரின் வினைக்கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அடுத்த வீட்டாரின் கணக்கைப் புரட்டும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்? நம்மை நாமே திருத்திக்கொள்ளச் சொன்ன உண்மையைப் பிறரைக் குத்தும் கருவியாக்கலாமா? கிரகணத்தால் இக்குறை வருவதில்லை. தாயின் பிழையும் இதில் இல்லை.

வளைபாதம் என்னும் இந்நிலை ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு வருகிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி (1914–2009) என்னும் மருத்துவர் இதற்கு நல்வழி கண்டார். வாரந்தோறும் பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சிறு கீறலும் தேவைப்படும். பின்னர், பட்டையால் இணைத்த காலணியை மூன்று மாதம் இரவும் பகலும், அதன்பின் நான்கைந்து வயதுவரை உறங்கும்போதும் அணிவிக்க வேண்டும். நடுவில் விட்டால் பாதம் மீண்டும் வளையக்கூடும். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆக, வழி இருக்கிறது. அவ்வழியில் நடக்கும் பெற்றோருக்கே துணை வேண்டும். விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டம் செல்லும் தாய்க்கு, வாரம் ஒருநாள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. காலணி மாட்டிய பிள்ளை இரவில் அழுகையில், "ஏன் வதைக்கிறாய், கழற்றிவிடு" என்று நாம் சொல்லும் ஒரு சொல் பல மாத உழைப்பைப் பாழாக்கிவிடும். அன்று அவளோடு மருத்துவமனைக்குச் செல்வதும், மூத்த பிள்ளைக்கு ஒருவேளை சோறிடுவதும் சிவத்தொண்டே.

கையோ காலோ உருவாகாமலே பிறக்கும் குழந்தைக்கு இக்கட்டு உதவாது. அதன் பெற்றோருக்கும் நம் துணை குறையலாகாது. குழந்தையைக் காணச் சென்றால் துணியை விலக்கிக் காலைத் தேடாதீர்கள். முகத்தைப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், வாரியெடுத்துக் கொஞ்சுங்கள். குஞ்சிதபாதத்தைத் தொழுத கைகளுக்கு அதுவே அழகு.

திருச்சிற்றம்பலம்.