நான் என்றால் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்

(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜோர்ஜ் ஓர்வெல் எழுதி 1949ம் ஆண்டு வெளிவந்த '1984' என்ற நாவலைப் பற்றிச் சில நிமிடங்கள் கதைக்க விரும்புகிறேன். நான் இலக்கியம் படித்தவனல்ல. ஏ லெவலோடு படிப்பு நின்று போனது. ஆனால் இதில் வரும் சிறையை எங்கட சனத்துக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கதை லண்டனில் நடக்கிறது. வின்ஸ்டனுக்குப் பழைய பத்திரிகைச் செய்திகளை மாற்றி எழுதும் அரசாங்க வேலை. கட்சிக்குத் தெரியாமல் யூலியா என்ற பெண்ணை விரும்புகிறான். பிடிபட்டால் எதையும் ஒப்புக்கொள்ள வைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் மனதுக்குள் புகுந்து அன்பை அழிக்க ஏலாது என்று நம்புகிறார்கள். அதுதான் முதல் ஏமாற்று.

ஓபிரையன் என்ற அதிகாரியைத் தன் பக்கத்து ஆள் என்று வின்ஸ்டன் நம்பினான். அவனோ ஏழு வருடமாக இவனைக் கண்காணித்தவன். கட்சியை எதிர்க்கும் அமைப்புக்காக ஒரு குழந்தையின் முகத்தில் அசிட் வீசுவாயா என்று அவன் கேட்டபோது, வின்ஸ்டன் 'ஓம்' என்றான். பிறகு வதைக்கூடத்தில், உங்களைவிட நான் நல்லவன் என்று வின்ஸ்டன் சொன்னதும், அந்தப் பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

கடைசியில் 101ம் அறை. எலிக்கூட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்ததும், தனக்கு வேண்டாம், யூலியாவுக்கு அதைச் செய்யும்படி கத்துகிறான்.

வெளியே வந்தபின் இருவரும் ஒரு பூங்காவில் சந்திக்கிறார்கள். யூலியாவும் அவனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். தப்புவதற்காகச் சும்மா சொன்னோம் என்று பிறகு எங்களையே சமாதானப்படுத்தலாம், ஆனால் அந்த நேரம் மனதார விரும்பித்தான் சொன்னோம் என்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எங்கட ஊர்களில் 'தலையாட்டி' என்றொரு சொல் இருந்தது. முகத்தை மூடியபடி இருந்தவன் தலையை ஆட்டினால் ஒரு வீட்டுப் பிள்ளை போய்விடும். அவனைத் திட்டினோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மன்னியுங்கோ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தேத்தண்ணீர் குடித்துக் கொண்டு, 'நான் என்றால் செய்திருக்க மாட்டேன்' என்று சொல்கிறோமே, அதை மட்டும் நான் விட்டுவிட்டேன். அந்த அறைக்குப் போகும்வரை வின்ஸ்டனும் அப்படித்தான் நினைத்தான்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.