தொட்டது ஒரு திரை, நகர்ந்தது வேறு திரை



சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரி மாதத்துப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள், அரங்குகளில் பில் போடும் மேசையைக் கவனித்திருப்பீர்கள். ஓர் அரங்கில் ஒரே கணினிக்கு இரண்டு திரைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சாதாரணத் திரை. அதில் புத்தக இருப்புப் பட்டியல். மற்றது தொடுதிரை, பில் போடுவது அதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டம். ஊழியர் தொடுதிரையில் 'பிரின்ட்' பொத்தானைத் தொடுகிறார். பில் வரவில்லை. பக்கத்துத் திரையில், இருப்புப் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஒரு வரி நீலமாகிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடி அதே வரி. "டச் போச்சு சார்" என்று கையை விரித்துவிடுகிறார்.

டச் போகவில்லை. விரல் பட்ட செய்தி கணினிக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எந்தத் திரையைச் சேர்ந்தது என்பதில்தான் கணினிக்குக் குழப்பம்.

தொடுதிரையின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மின்சார ஒயரைத் தவிர, பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிள், படத்தைக் கணினியிலிருந்து திரைக்குக் கொண்டுவருகிறது. யுஎஸ்பி கேபிள், விரல் பட்ட இடத்தைத் திரையிலிருந்து கணினிக்குக் கொண்டுபோகிறது. ஒரே வீட்டுக்காரர்கள் இருவரில் ஒருவர் மெட்ரோவிலும் மற்றவர் பஸ்ஸிலும் நந்தனத்தில் வந்து இறங்கினால், உறவு என்று யாராவது சொன்னால்தானே நமக்குத் தெரியும்? கணினியின் நிலையும் அதுதான்.

மவுஸில் இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு தூரம் நகர்ந்தேன் என்பதை மட்டுமே அது சொல்லும். தொடுதிரையோ இடத்தையே சொல்கிறது: அகலத்தில் பாதி, உயரத்தில் கால் என்று. எந்தத் திரையின் பாதி என்பதை அது சொல்வதில்லை. ஆகவே கணினி ஊகிக்கிறது. விண்டோஸ் வழக்கமாக, எது முதன்மைத் திரையோ அதற்கே தொடுதலைக் கொடுத்துவிடும். லினக்ஸில் பல சமயம் இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே அகலமாகக் கணக்கிடும். ஒரே அளவுள்ள இரண்டு திரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, தொடுதிரையின் நடுவில் விரல் வைத்தால் அம்புக்குறி இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையில் போய் நிற்கும்.

விண்டோஸில் இதைச் சரிசெய்யும் வழியை நிதானமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பேனலைத் திறந்து, 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' என்பதற்குப் போங்கள். அந்தப் பெயரே கண்ணில் படவில்லை என்றால், முதலில் யுஎஸ்பி கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே 'செட்டப்' என்ற பொத்தானை அழுத்தினால், ஒரு திரை வெள்ளையாகி, 'இதுதான் தொடுதிரை என்றால் தொடுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்கும். அது தொடுதிரைதான் என்றால் விரலால் தொடுங்கள். இல்லையென்றால் கீபோர்டில் என்டர் தட்டுங்கள். கேள்வி அடுத்த திரைக்குப் போகும். தொடுதிரையில் கேள்வி வந்ததும் தொட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

அடுத்து லினக்ஸ். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். இதுபோன்ற லினக்ஸில், திரையில் படம் காட்டும் வேலையை 'எக்ஸ் சர்வர்' என்ற நிரல் பார்க்கும் கணினிகளில், 'எக்ஸ்இன்புட்' என்ற கட்டளையோடு 'மேப் டு அவுட்புட்' சேர்த்து, தொடுகருவியின் பெயரையும் திரையின் பெயரையும் கொடுத்தால் போதும். கணினியை அணைத்துப் போட்டால் இது மறந்துபோகும். ஆகவே தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. லேப்டாப்பிலும் போர்டிலும் ஒரே படம் தெரியும் 'டூப்ளிகேட்' முறையில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. 'எக்ஸ்டெண்ட்' முறைக்கு மாற்றியதும், போர்டில் எழுதினால் லேப்டாப்பில் கோடு விழும். பாடத்தின் நடுவே தடுமாறாமல் இருக்க, மணி அடிக்கும் முன்பே ஒருமுறை எக்ஸ்டெண்டில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. தொடும் இடம் சரியான திரையில் விழுந்து, ஆனால் ஓர் அங்குலம் தள்ளி விழுந்தால் அது வேறு கோளாறு. அதற்கு விண்டோஸின் அதே 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' உள்ளே 'கேலிபரேட்' என்ற பொத்தான் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: திரையே மாறினால் செட்டப், இடம் மட்டும் தள்ளினால் கேலிபரேட்.

புதிதாகத் தொடுதிரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் ஒற்றைத் திரையில் தொட்டுக் காட்டுவதோடு திருப்திப்படாதீர்கள். இரண்டு திரைகளை மாட்டி, எக்ஸ்டெண்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், திரையைக் கழற்றிப் பழுதுபார்க்க ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், அந்த செட்டப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் அது.